பத்தாம் நாள் முளைக்கும் முள்

என் சித்தப்பா வீட்டில் எட்டு வருஷம் குக்கர் அடுப்பேறவில்லை. சித்தி சோற்றை வடித்துத்தான் இறக்குவார். யாராவது கேட்டால், "வடிச்ச சோறுதானுங்க உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிடுவார். நிஜக் காரணம் வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரியும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியே விடும்போது குக்கர் 'உஸ்ஸ்' என்று ஒரு மூச்சு விடும். நின்ற லாரி ஏர் பிரேக்கை விடுவதும் அதே மூச்சுதான். அந்தச் சத்தம் கேட்டால் சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். போய்ப் பார்த்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

அவர் இருபத்தோரு வருஷம் நாமக்கல்லில் லைன் வண்டி ஓட்டியவர். நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த ஒரு விடிகாலையில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அது நடந்தது. இவர் கியரில் நிதானமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. இரண்டு லாரிகளுக்கும் நடுவில் ஒரு கார். அந்தக் காரின் கதவை இவர்தான் முதலில் இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. சுற்றிலும் பிரேக் லைனிங் கருகிய வாடை.

இவருக்கு நெற்றியில் ஆறு தையல், அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கத்தைப் பட்டறையில் பதினெட்டு நாளில் புதிதாக்கிப் பெயின்ட் அடித்து நிறுத்தினார்கள். பார்த்தால் அடிபட்ட வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பதினெட்டு நாளில் முதல் பத்து நாள் சித்தப்பாவும் அப்படித்தான் இருந்தார். வந்தவர்களிடம் நடந்ததை நிதானமாகச் சொன்னார். காரில் இருந்தவர்களின் ஊர் எதுவென்று விசாரித்தார். பிறகுதான் தூக்கம் போனது. லைட்டை அணைக்கவிடவில்லை. வண்டி தயார் என்று ஓனர் கூப்பிட்ட அன்று, கேபின் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே இறங்கிவிட்டார். "பயமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, கை நிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னார். ஊரில் "பயந்துட்டாப்புல" என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், முனியப்பனுக்குக் கிடா வெட்டினார்கள். பிரியத்தோடு செய்தவைதான் எல்லாம். அவருக்கும் அதில் இரண்டொரு ராத்திரி தூக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு பாட்டில்தான் தூங்க வைத்தது.

அடிபட்ட அன்றைக்கு இல்லாத நடுக்கம் பத்து நாள் கழித்து எங்கிருந்து வந்தது? எனக்கு வெகுநாள் விளங்காத கேள்வி இது. அதற்கான விடையில் ஒரு துண்டு, நமக்கு ஒரு ராத்திரிப் பயண தூரத்தில், பெங்களூரில் இருக்கிறது.

அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் எலிகளின் மூளையில் மன அழுத்தம் விட்டுச்செல்லும் தடயங்களைத் தேடினார்கள். 2005-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று: எலியை ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம், அசைய முடியாதபடி பிடித்து வைத்தார்கள். அதற்கு அது பெரிய அதிர்ச்சி. மறுநாள் மூளையைப் பார்த்தால் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, அமிக்டலா என்ற பகுதியின் நரம்பணுக்களில் புது நுண்முட்கள் முளைத்திருந்தன. ஒரு நரம்பணு இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும் இடம் இந்த முள். முள் கூடினால் அந்தப் பகுதிக்குக் காது கூடியது என்று அர்த்தம். எலியின் பதற்றமும் பத்தாம் நாள்தான் கூடியிருந்தது.

எலி வேறு, மனிதர் வேறு. அதையும் இதையும் நேராகப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் சித்தியைப் போனில் கூப்பிட்டு, "நீங்க சொன்ன பத்து நாள் சரிதான் சித்தி" என்றேன். அதுவரை அவர், "ஆஸ்பத்திரியில இருந்து நல்லாத்தான வந்தாரு, அப்புறம் என்ன நடிப்பு" என்று சொந்தக்காரர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்.

அமிக்டலா என்பது பாதாம் பருப்பு அளவில் மூளையின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் காவல்காரன். காதில் விழும் சத்தம் இரண்டு வழியாக இதற்குப் போகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜோசஃப் லெடூ எலிகளில் காட்டினார். ஒன்று குறுக்குப் பாதை. என்ன சத்தம் என்று தெரியும் முன்பே உடம்பை உஷார்ப்படுத்திவிடும். மற்றது பெருமூளைப் புறணி வழியாகச் சுற்றி வரும் பாதை. "குக்கர்தான், உட்காரு" என்ற செய்தி இதில்தான் வரும், கொஞ்சம் தாமதமாக. சித்தப்பா வாசலுக்குப் போன பிறகுதான் அது குக்கர் என்று அவருக்கே தெரிந்திருக்கும். புத்திக்குத் தெரிந்ததை உடம்பு கேட்கவில்லை என்றால், செய்தி வந்த வரிசை அப்படி.

அடுத்து ஹிப்போகாம்பஸ். ஒரு நிகழ்ச்சி எங்கே, எப்போது நடந்தது என்று முத்திரை குத்தி வைக்கிற இடம். வாகனம் ஓட்டுகிறவர்களுக்கும் இதற்கும் தனி உறவு உண்டு. லண்டன் நகரத் தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்கும் டாக்சி ஓட்டுநர்களுக்கு இதன் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-இல் எலினார் மகுவாயரின் குழு கண்டது. செல்போன் மேப் வருவதற்கு முன்பே நாமக்கல்லில் இருந்து நாக்பூர் வரை எந்த இடத்தில் டீ நல்லாயிருக்கும், எந்தத் திருப்பத்தில் கியர் மாற்ற வேண்டும் என்று சொல்லக்கூடியவர்களின் மூளையை யாராவது அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ! கடும் அதிர்ச்சியின்போது முத்திரை குத்தும் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. சத்தம், வாடை, வெளிச்சம் எல்லாம் அழுத்தமாகப் பதிந்துவிடுகின்றன. தேதியும் இடமும் அவற்றோடு ஒட்டவில்லை. அதனால்தான் அந்த நினைவு, "அன்றைக்கு நடந்தது" என்று வருவதில்லை. இப்போது நடப்பது போலவே வருகிறது.

பயங்கரமான ஒன்றைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தேறாமல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்கள் இதற்கு நோய்ப் பெயர் வைக்கிறார்கள். பெயர் அதிகாரப்பூர்வமானது 1980-இல், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறகு. நான் யாழ்ப்பாணத் தமிழர்கள் வழங்கும் 'மனவடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். வடு என்றால் ஆறிய பிறகும் இருப்பது. அவர்கள் பட்டதில் இருந்து எடுத்த சொல்.

இனி சிகிச்சைக்கு வருவோம். முதலில், செய்யக் கூடாத ஒன்று. விபத்து நடந்த கையோடு ஆளை உட்கார வைத்து, "எல்லாத்தையும் சொல்லிடு, மனசு லேசாயிடும்" என்று ஒரே தடவையில் கொட்டச் சொல்வது. மேலைநாட்டு மருத்துவமனைகளே ஒரு காலத்தில் இதை முறையாகச் செய்தன. ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2000-இல் முடிவைச் சொன்னார்கள்: அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள், பேசவைக்கப்படாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். நம் ஊரில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதலில் இருந்து சொல்லச் சொல்வது ஞாபகம் வருகிறது. அவர்களாகப் பேசினால் கேட்பது வேறு; தோண்டுவது வேறு.

அதே ஆக்ஸ்ஃபோர்டில், எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழு பிற்பாடு செய்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. சாலை விபத்தில் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேர். அதில் பாதிப் பேரை, விபத்து நடந்த 6 மணி நேரத்துக்குள், மிக மோசமான கணத்தைச் சுருக்கமாக நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, 20 நிமிஷம் போல டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்குகிற பழைய வீடியோ கேம்தான். அந்த முதல் வாரத்தில் விபத்துக் காட்சி தானாக வந்து மோதிய தடவைகள், விளையாடாதவர்களைவிட இவர்களுக்கு 62 சதவீதம் குறைவு. காரணம் என்று அவர்கள் கருதுவது இது: நினைவு இறுகிப் பதிய சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால், காட்சி அத்தனை கூர்மையாகப் பதிய இடம் இல்லாமல் போகிறது. சிறிய ஆய்வு, ஒரு வார அளவு. விளையாட்டு மனவடுவைத் தீர்க்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 2021 டிசம்பரில் இருந்து தமிழகத்தில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எலும்புக்கும் ரத்தத்துக்கும் அந்த நேரத்தின் அருமை நமக்குத் தெரிந்துவிட்டது. அதே மணி நேரங்களில் மூளையும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதையும் அந்த வார்டுகளில் யாராவது யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வருஷக்கணக்கில் ஊறிய நினைவை என்ன செய்வது? அழிக்க முடியுமா? 2000-இல் கரீம் நாதெரும் லெடூவும் வேறொரு கதவைத் திறந்தார்கள். சத்தம் கேட்டால் ஷாக் அடிக்கும் என்று கற்ற எலிக்கு, அடுத்த நாள் அந்தச் சத்தத்தை மட்டும் மறுபடி கேட்க வைத்தார்கள். உடனே, மூளையில் புதுப் புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். அதற்குப் பிறகு எலிக்கு அந்தப் பயம் வரவில்லை. சத்தத்தைக் கேட்க வைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது, நினைவைத் திரும்ப எடுக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகுகிறது. திரும்ப இறுகுவதற்குள் அதை மாற்ற இடம் கிடைக்கிறது. பட்டறையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மனிதர்களுக்கு இதை ப்ரொப்ரனலால் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரையை வைத்து முயன்று வருகிறார்கள். முடிவுகள் இன்னும் ஒரே பக்கமாகச் சேரவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டிய மாத்திரை அல்ல அது.

இன்று கையில் இருக்கும் உறுதியான வழி பழையது. பாவ்லோவ் நாயிடமே பார்த்தது. மணியடித்துச் சோறு போடாமலே இருந்தால், மணிக்கு எச்சில் ஊறுவது நின்றுவிடும். பயமும் அப்படித்தான். சத்தம் வருகிறது, ஆபத்து வரவில்லை. சத்தம் வருகிறது, ஆபத்து வரவில்லை. இப்படிப் பலமுறை ஆனால் மூளையின் முன்பகுதி ஒரு புதுப் பாடத்தைக் கற்று அமிக்டலாவை அடக்குகிறது. பழைய பாடம் அழிவதில்லை, புதியது அதன் மேல் உட்காருகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிற குணம் உள்ளது. டாக்டர் அறையில் கற்ற தைரியம் தொப்பூர் மேட்டில் காணாமல் போகலாம். அதனால் சிகிச்சை அறைக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக வண்டி வரைக்கும், ரோடு வரைக்கும் போக வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா இதைச் சிகிச்சையாக ஒழுங்குபடுத்தினார். ஒரு அமர்வு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடி, நடந்ததை நடப்பது போலச் சொல்ல வேண்டும். அது ஒலிப்பதிவாகும், வீட்டில் தினமும் அதைக் கேட்க வேண்டும். கூடவே, விலகி ஓடிய இடங்களுக்கு ஒரு படி ஒரு படியாகத் திரும்பிப் போக வேண்டும். முன்பு சொன்ன ஒரே தடவைக் கொட்டலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்: நோய் நிலைத்த பிறகு, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, பதற்றம் ஏறி இறங்கும்வரை அதோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் செய்வது.

இன்னொன்று, கண்ணசைவு சிகிச்சை. ஃபிரான்சின் ஷாப்பிரோ 1980-களின் கடைசியில் கொண்டுவந்தது. கெட்ட நினைவை மனதில் பிடித்துக்கொண்டு, சிகிச்சையாளர் இடமும் வலமும் ஆட்டும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். கேட்க மந்திரிப்பது போல இருப்பதால் ஆரம்பத்தில் நிறையப் பேர் நம்பவில்லை. ஒரு சமயத்தில் மனம் பிடித்து வைக்கக்கூடியது கொஞ்சம்தான். அதில் பாதியைக் கண் எடுத்துக்கொண்டால் காட்சியின் கூர்மை மழுங்கும் என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் மனவடுவுக்கு இதையும் பரிந்துரைத்தது.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது மூன்றாவது. காரணம், அது தமிழில் நடந்தது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து மாகி ஷாவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் அகதிகளுக்காக உருவாக்கிய கதைசொல் முறை. தரையில் ஒரு கயிறு. அதுதான் உன் வாழ்க்கை. ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ வை, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல் வை. பிறகு பிறப்பில் இருந்து வரிசையாகக் கதையைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். கல்லின் அருகே வரும்போது நிற்க வேண்டும். அப்போது என்ன பார்த்தாய், என்ன வாடை, உடம்பு என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது என்று கேட்பார்கள். எழுதி வைத்து, அடுத்த முறை படித்துக் காட்டுவார்கள். ஹிப்போகாம்பஸ் குத்தத் தவறிய தேதி முத்திரையைக் கையால் குத்துகிற வேலை இது. கல்லுக்கு முன்னும் கயிறு இருக்கிறது, பின்னும் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு, போரும் கடலும் அடித்த இலங்கையின் வடகிழக்குக் கரையில் 31 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த முறையிலும், மறுபாதிக்குத் தியானம், தளர்வுப் பயிற்சி என்றும் ஆறு ஆறு அமர்வு கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, கதை சொன்ன குழந்தைகளில் 81 சதவீதம், தியானம் செய்தவர்களில் 71 சதவீதம் மனவடுவில் இருந்து மீண்டிருந்தார்கள். எது பெரிது என்று சண்டை போடுவதற்கு 31 பேர் போதாது. எனக்கு அதில் பெரிதாகப்பட்டது, சிகிச்சை கொடுத்தவர்கள் அந்த ஊரிலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் என்பது. மனநல மருத்துவர்கள் கைவிரல் எண்ணிக்கையில் இருந்த இடத்தில் அப்படித்தான் செய்ய முடிந்தது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எடுத்துக்கொண்டால் லாரியும் ரிக் வண்டியும் இல்லாத தெரு குறைவு. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் இறக்கத்தில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த தொடர் மோதல்களின் வீடியோவை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். செத்தவர்களின் எண்ணிக்கையைப் பத்திரிகைகள் போட்டன. ஒரு கீறலும் இல்லாமல் இறங்கி நின்றவர்களை யாரும் எண்ணவில்லை. ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிற ஊர் இது. அந்த முகாமில் "தூக்கம் வருதுங்களா? ஏதாவது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள்ள வருதுங்களா?" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்க ஒருவர் போதும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரில் இருந்து இருக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், லாரி பேட்டையில் கட்டிலில் படுத்துக்கொண்டே பேசலாம். குடியைக் காட்டி, "முதலில் இதை நிறுத்து, அப்புறம் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் கேட்க வேண்டும்: குடிக்கு அடியில் என்ன இருக்கிறது?

சித்தப்பாவை எட்டாவது வருஷம் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனது என் தங்கை. முதல் இரண்டு வாரம் அவர் ஒன்றும் பேசவில்லை. மருத்துவரும் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது வாரம் கார் கதவைப் பற்றிச் சொன்னார். நாலாவது வாரம் மறுபடியும் கதவு. அந்தப் பதிவை வீட்டில் மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்பார். சித்தி கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். பிறகு போனில் ஏர் பிரேக் சத்தம். பிறகு நின்றிருக்கும் லாரியின் கேபினில் பத்து நிமிஷம், சாவி போடாமல். பிறகு பட்டறைத் தெருவில் கிளீனர் இடத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று. நடுவில் ஒரு மாதம் எல்லாம் பின்னுக்குப் போனது, தீபாவளி வெடியில். திரும்ப ஆரம்பித்தார்கள்.

அவர் மறுபடி லைன் வண்டி ஓட்டவில்லை. வயதும் ஆகிவிட்டது. உள்ளூரில் முட்டை ஏற்றும் சின்ன வண்டி ஓட்டுகிறார். போன வருஷம் ஓசூரில் ஒரு கல்யாணம் முடிந்து ராத்திரி பஸ்ஸில் தனியாகத் திரும்பினார். அதிகாலை நாலேகாலுக்கு என் போன் அடித்தது. என்னவோ ஏதோ என்று எடுத்தேன். பஸ் இரைச்சலில் அவர் குரல்:

"கண்ணு, தொப்பூரு தாண்டிட்டேன். ஜன்னலோர சீட்டு. முழிச்சுட்டேதான் வந்தேன்."